மூக்கு இறுகிவிட்டது என்றார்கள்

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அனுப்பி, வீட்டுக்கு வந்து ஐந்து கிழமையாகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் என் மூக்கைப் பார்க்கிறார்கள், பிறகுதான் முகத்தைப் பார்க்கிறார்கள். வெளியில் ஒன்றும் தெரியாது என்று சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தொடக்கத்திலிருந்து சொல்லி அலுத்துப்போனேன். இன்னும் ஒரு மாதம் பட்டறைப் பக்கம் போகக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருப்பதால் நேரமும் கிடக்கிறது. ஆகவே ஒரேயடியாக எழுதி வைக்கிறேன். என்னைப்போல அமிலத்துக்குப் பக்கத்தில் நிற்கிற யாராவது வாசித்தால் நல்லது. ஆஸ்பத்திரியின் பெயரையும் பட்டறையின் பெயரையும் எழுதவில்லை. அங்கே இருந்தவர்கள் எனக்கு நல்லதைத்தான் செய்தார்கள். பிழை விட்டவன் நான்.

நான் குரோம் பூசுகிறவன். குரோம் என்றதும் கார் பம்பரின் மினுக்கத்தை நினைக்க வேண்டாம். அது அழகுக்குப் பூசுவது. நாங்கள் பூசுவது அரம் போட்டாலும் வழுக்குகிற தடித்த குரோம். தோட்டத்து இறைப்பு மெசினின் தண்டு, ஐஸ் பக்டரியின் பிஸ்டன் கம்பி, அச்சகத்து உருளை என்று தேய்ந்துபோனவை எல்லாம் எங்களிடம் வரும். கொழும்பிலிருந்து புதுச் சாமான் எப்போது வரும், வருமா என்று யாருக்கும் தெரியாத எண்பத்தாறாம் ஆண்டு இது. தேய்ந்த தண்டுக்குக் குரோம் ஏற்றி, பழைய அளவுக்குச் சாணைக்கல்லில் தேய்த்துக் கொடுத்தால் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஓடும். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

வேலை இப்படித்தான். சாமானைக் கழுவி, பூசக்கூடாத இடங்களை மெழுகால் மூடி, குரோமிக் அமிலம் நிறைந்த தொட்டிக்குள் தொங்கவிடுவோம். அமிலம் பீற்றூட் அவித்த தண்ணீர் போலக் கறுத்த சிவப்பாக இருக்கும். முதலில் சிறிது நேரம் மின்சாரத்தை மறுபக்கமாக ஓடவிட்டு இரும்பின் மேல்தோலைக் கடிக்க விடவேண்டும். அதை மறந்தால் பூசின குரோம் பிறகு செதில் செதிலாக உரிந்துவிடும். அதன் பின் மின்சாரத்தைத் திருப்பிவிட்டு மணித்தியாலக் கணக்கில் காவல் நிற்க வேண்டும். அவ்வளவு நேரமும் சூடான தொட்டி குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு குமிழியும் உடையும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு தூவானம் மேலே வரும். நாங்கள் அதற்குள் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

தொட்டியில் நின்றவர்கள் இரண்டு பேர்தான். ராசண்ணை என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எனக்கு இரண்டு வருடம் முன்னதாக வந்தவர். இந்த வேலைக்கு வருகிறவனுக்கு முதல் சில மாதம் மூக்கு எரியும், உள்ளே பொருக்குக் கட்டும், இரத்தம் வரும். பிறகு ஒருநாள் எல்லாம் நின்றுவிடும். நோவே இராது. அதை நாங்கள் மூக்கு இறுகிவிட்டது என்போம். இரும்புக்குக் குரோம் ஏறியதுபோல மூக்குக்கும் ஏறிவிட்டது என்று கணக்கு. என் மூக்கு இறுகின அன்றைக்குப் பட்டறையில் எல்லோருக்கும் வடையும் பிளேன்ரீயும் வந்தது. ராசண்ணை எழுந்து நின்று, இனிமேல் இவனும் எங்கடை ஆள் என்று சொன்னார். கலியாணத்தன்றுகூட நான் அப்படி நிமிர்ந்து நின்றிருக்க மாட்டேன்.

அதன் பிறகு மூக்கு நோகவில்லை. ஆனால் பெரிதாக மூச்சு இழுத்தால் உள்ளே விசில் அடித்தது. என் மனைவி நாகேஸ்தான் அதை முதலில் கேட்டவள். யாரோ கேற்றடியில் கூப்பிடுகிறார்கள் என்று இரண்டு தரம் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அது நான்தான் என்று கண்டுபிடித்தாள். நான் சிரித்துவிட்டு விட்டேன். கைவிரல்களில் மிளகளவு பள்ளங்கள் இருந்தன. அவற்றுக்கும் பட்டறையில் ஒரு பெயர் உண்டு, குரோம் கடி. விளிம்பு தடித்து, நடு குழிந்து, காய்வதாகவும் இல்லை, நோவதாகவும் இல்லை. நோகாத எதையும் நான் நோய் என்று எண்ணவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையைக் குனிந்து முகம் கழுவும்போது மூக்கிலிருந்து இரத்தம் வரத் தொடங்கியது. துவாய் நனைந்து, இன்னொரு துவாயும் நனைந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் காரில் ஏற்றினார்கள். எங்கள் பிள்ளை சுபாவுக்கு அப்போது ஏழு மாதம். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே நாகேஸ் ஏறினாள்.

வெளிநோயாளர் பகுதியில் மூக்குக்குள் துணிச்சுருள் அடைத்து இரத்தத்தை நிறுத்தினார்கள். வெளியில் மர வாங்கில் மூன்று மணித்தியாலம் இருந்தோம். பிறகு ஒரு டொக்டர் அம்மா கூப்பிட்டார். பருத்தித்துறைப் பக்கத்தவர், நாற்பது வயதிருக்கும், கதைக்கும்போது கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். துணியை எடுத்து, ஒரு மூக்குத்துவாரத்தில் சின்ன ரோச் லைற்றை வைத்து மற்றதற்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது, உங்களுடைய சுவரில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றார். விசில் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு கையைத் திருப்பிப் பார்த்தார். என்ன வேலை என்று கேட்டார். லேத் வேலை என்றேன்.

அந்தப் பொய்க்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் அமிலம் தெற்கிலிருந்து லொறியில் வர வேண்டும். வழியில் இருக்கிற சோதனைச் சாவடிகளில் அமிலம் என்ற சொல்லே வில்லங்கம், வெடிகுண்டுக்கோ என்று கேட்பார்கள். ஒரு லொறிக்காரரை அதற்காக இரண்டு நாள் மறித்து வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து, யார் கேட்டாலும் லேத் வேலை என்று சொல்லுங்கள் என்பது முதலாளியின் கட்டளை. நானும் கடையில், பஸ்ஸில், கோயிலில், உறவினர் வீட்டில் என்று எல்லா இடமும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டேன். டொக்டரிடமும் யோசிக்காமலே வாயில் வந்தது. கைப் புண்கள் எப்படி வந்தன என்று கேட்டார். இரும்புச் சீவல் தெறித்தது என்றேன். தெறித்த இடம் நோகவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த ஒன்று மட்டும் உண்மை.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பஞ்சை முறுக்கி என் கையிலும் காலிலும் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு தொடும் இடத்தைச் சொல்லச் சொன்னார். உடம்பில் எங்காவது மரத்த, நிறம் மங்கின இடம் உண்டா என்று கேட்டார். வாட்டில் கட்டில் கொடுத்து என்னை மறிக்கச் சொன்னார். மறித்த பிறகு கட்டிலடிக்கு வந்து மெதுவாகச் சொன்னார். மூக்குச் சுவரில் ஓட்டையும் கையில் நோகாத புண்ணும் சேர்ந்து வந்தால் மூன்று நோய்களைப் பார்க்க வேண்டுமாம். ஒன்று சயம், காசநோய். ஒன்று, ஆண்கள் மனைவிக்கு ஒளித்துக்கொண்டு வருகிற நோய். மற்றது குட்டம்.

இரண்டாவதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. வீடு, பட்டறை, தொட்டி என்று திரிகிறவனுக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம். மூன்றாவதைக் கேட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு நினைவு வந்தது சுபாதான். ஏழு மாதமும் என் நெஞ்சிலேதான் அவள் நித்திரை. இந்தக் கையால்தான் அவளுக்குச் சோறு மசித்துத் தீத்தினேன்.

அடுத்த நாள் சோதனைகள் தொடங்கின. நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். சளி கேட்டார்கள், இரத்தம் எடுத்தார்கள். பிறகு காது மடலை நுள்ளிப் பிடித்து, சவர அலகு போன்ற ஒன்றால் சிறிதாகக் கீறி, சுரண்டியதைக் கண்ணாடித் துண்டில் தடவினார்கள். குட்டத்தின் கிருமி உடம்பில் குளிர்ந்த இடங்களை விரும்புமாம். அதனால்தான் காதிலும் மூக்கிலும் தேடுவார்களாம். கண்ணாடித் துண்டைச் சாயம் போட்டுப் பார்க்க வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும், மறுமொழி வர ஒரு கிழமையாவது செல்லும் என்றார் நர்ஸ் மிஸ்ஸி.

பக்கத்துக் கட்டிலில் கொடிகாமத்துப் புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர் இருந்தார். மூச்சு இழுப்புக்காரர். முதல் நாள் எனக்கு வாழைப்பழம் தந்தவர், தன் பேப்பரையும் வாசிக்கத் தந்தவர். காது சுரண்டுவதைப் பார்த்த பிறகு பேப்பரைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். கட்டிலையும் ஒரு முழம் தள்ளிப் போட்டார். அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அப்படித்தான் தள்ளியிருப்பேன்.

நாகேசுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பீனிசமாம், மூக்கைக் கழுவ வேண்டுமாம் என்று சொல்லி வைத்தேன். அவள் நாள்தோறும் பின்னேரம் பார்க்கிற நேரத்துக்குப் பிள்ளையோடும் சாப்பாட்டுக் கரியரோடும் பஸ்ஸில் வருவாள். புட்டும் முட்டைப் பொரியலும், ஒருநாள் கணவாய்க் கறியும். பிள்ளை என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டும். நான் வாங்க மாட்டேன். வாட்டில் இருமல்காரர் இருக்கிறார்கள், தள்ளி நில்லும் என்பேன். கையைக் கழுவவில்லை என்பேன். நான்காம் நாள் சொல்லக் காரணம் ஒன்றும் மிச்சமில்லாமல், நித்திரை வருகிறது என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். பிள்ளை அழுதது. அவள் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு வாசல்வரை போன சத்தம் கேட்டது. நான் வளர்ந்த ஆண்பிள்ளை, சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

ஐந்தாம் நாள் பிள்ளைக்குக் கீழ்ப்பல் முளைத்திருந்தது. நாகேஸ் உதட்டை விலக்கிக் காட்டினாள். அரிசிக் குறுணியளவு ஒரு வெள்ளை. நான் எட்ட நின்று எட்டிப் பார்த்தேன். பல்லுக்கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்ட நாள் பார்க்க வேண்டும், நீங்கள் வந்த பிறகுதான் என்றாள். எனக்கு என்ன வந்ததோ, எனக்காக வைத்திருக்க வேண்டாம், நீங்கள் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவள், நான் மிச்சம் வைத்த புட்டை எடுத்து, அதே கோப்பையில், அதே கட்டிலில் இருந்து சாப்பிட்டாள். வேண்டாம் என்று கோப்பையைப் பிடித்தேன். அவள் என் கையை எடுத்து அப்பால் வைத்துவிட்டு மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தாள்.

பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே டொக்டரின் மேசைக்குப் போனாள். நானும் பின்னாலே போனேன். அவள் பையிலிருந்து என் வேலைச் சட்டையை எடுத்து மேசையில் விரித்தாள். நெஞ்சிலும் கையிலும் மஞ்சள் புள்ளிகள், புள்ளிக்கு நடுவில் ஓட்டைகள்.

“டொக்டர், இவர் உங்களுக்கும் லேத் வேலையெண்டுதான் சொல்லியிருப்பார். அது பொய். குரோம் தொட்டியிலை நிக்கிறவர். இவர் மூக்குச் சீறின லேஞ்சியும் இப்பிடித்தான் மஞ்சளாய் இருக்கும். தலையணை உறையும் அப்பிடித்தான். சட்டையையே உது தின்னுதெண்டால் மூக்கைத் தின்னாதோ?”

எனக்கு ஆத்திரம் வந்தது. முதலாளி, லொறி, சோதனைச் சாவடி எல்லாம் ஒன்றாகத் தலைக்குள் ஓடின. உமக்கேன் இந்த வேலை என்று அவளைக் கேட்டேன். அவள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. டொக்டர் சட்டையின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் கேட்டார்.

“எத்தினை வருசமாய் நிக்கிறியள்?”

“ஆறு வருசம்.”

“அமிலம் ஆர் கொண்டு வாறது, எப்பிடிக் கொண்டு வாறதெண்டு எனக்குத் தெரியத் தேவையில்லை. நான் பொலிஸ் இல்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் உங்கடை காதைச் சுரண்டியிருக்க மாட்டன்.”

அன்று எனக்கு வந்த வெட்கம் சொல்லி மாளாது. அடுத்த நாள் காலையில் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். குரோமிக் அமிலத்தின் தூவானம் மூக்குச் சுவரின் ஈரத் தோலைத் தின்னும், பிறகு அதற்குள் இருக்கிற குருத்தெலும்பைத் தின்னும் என்று விளங்கப்படுத்தினார். சுவர் புண்ணாக இருக்கும்வரை நோகும், இரத்தம் வரும். முழுதாகத் துளை விழுந்து விளிம்பு காய்ந்துவிட்டால் நோவதற்கு அங்கே ஒன்றும் இராது. இடைக்கிடை விளிம்பில் பொருக்குப் பெயர்ந்தால் இப்படி இரத்தம் கொட்டும். கை விரல் பள்ளமும் அதே அமிலத்தின் வேலைதானாம். நாங்கள் வடை வாங்கிக் கொண்டாடியது எதை என்று அப்போது விளங்கியது. சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தொட்டியடியில் நிற்கிற மற்ற ஆளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

காது சுரண்டியதன் மறுமொழி வரும்வரை தான் எதையும் முடிவாகச் சொல்லப் போவதில்லை என்றும் சொன்னார். ஆகவே இன்னும் நான்கு நாள் காத்திருந்தேன். நாள்தோறும் மூக்கை உப்புத்தண்ணீரால் கழுவி, உள்ளே வஸ்லின் பூசினார்கள். கைப் புண்ணுக்கு மருந்து கட்டினார்கள். இரவில் தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் வாட்டில் எல்லோரும் எழும்பி இருப்போம். இழுப்புக்காரர் மட்டும் மூச்சுக்காக ஏற்கெனவே எழும்பியிருப்பார். நான் விழித்திருந்ததற்கு வெடி காரணமில்லை. புத்தகம் ஒன்று சொல்லலாம், கண்ணாடித் துண்டு வேறொன்று சொல்லலாம் என்ற பயம் போகவில்லை. பிள்ளையை அப்போதும் தொடவில்லை.

பத்தாம் நாள் ராசண்ணை வந்தார். அன்றே மறுமொழியும் வந்தது. சயம் இல்லை, மற்றதும் இல்லை, குட்டமும் இல்லை. டொக்டர் சொல்லி முடிப்பதற்குள் நான் கதிரையில் இருந்துவிட்டேன். ராசண்ணை என் முதுகில் தட்டிவிட்டு, தனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பட்டறையிலேயே திறமான மூக்கு தன்னுடையது என்று டொக்டருக்குச் சொன்னார். டொக்டர் அவரையும் இருத்தி, ஒரு துவாரத்தில் ரோச் லைற்றை வைத்தார். மற்றத் துவாரம் முழுக்கச் சிவப்பாக வெளிச்சம் வந்தது. என்னுடையதில் பருப்பளவு ஓட்டை. அவருடையதில் சுவரே இல்லை.

“எனக்கு நோகேல்லையே, டொக்டர்,” என்றார் ராசண்ணை.

பட்டறையில் எனக்கு மூக்கு இறுகிய அன்று முதலில் கைதட்டியவர் அவர். இரண்டு பேரும் கன்ரீனில் போய் இருந்து தேத்தண்ணி குடித்தோம்.

முதலாளி அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். டொக்டரோடு கதைத்துவிட்டு வந்து, கட்டிலடியில் நின்று தன் மூக்கைத் தானே தடவிப் பார்த்தார். தொட்டிக்கு மூடி போட்டு, விளிம்பிலேயே காற்றை இழுத்து வெளியில் விடுகிற காற்றாடி வைத்திருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு பேருக்கும் இனித் தொட்டியடி வேலை இல்லை, லேத் மெசினில்தான். இத்தனை நாள் பொய்யாகச் சொன்ன வேலை கடைசியில் உண்மையாகிவிட்டது. ஓட்டை மூடாது. வாழ்நாள் முழுக்கக் கழுவி, வஸ்லின் பூசிப் பாதுகாக்க வேண்டும்.

துண்டு வெட்டின அன்று நாகேஸ் ஆஸ்பத்திரி வாசலிலே பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, கரியரைத் தான் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பஸ்ஸில் இடம் கிடைத்தும் நான் இருக்கவில்லை. பிள்ளையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீடு வரை நின்றே வந்தேன்.

பல்லுக்கொழுக்கட்டை எனக்காகத்தான் காத்திருந்தது. பிள்ளையைப் புதுத் துணியில் இருத்தி, அவித்த கொழுக்கட்டையைத் தலைக்கு மேலே மெதுவாகக் கொட்டினோம். பிள்ளை அழாமல் ஒன்றைப் பிடித்துப் புதுப் பல்லால் கடிக்கப் பார்த்தது. வந்தவர்கள் போன பிறகு சுபா என் தோளிலே நித்திரையாகிவிட்டாள். நான் அவளுடைய உச்சியில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தேன். காற்று மட்டும் ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வந்தது. மணம் தெரியாமல் எத்தனை நாளாக இருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியாது. பட்டறையில் மணப்பதற்கு என்ன இருந்தது?

நாகேஸ் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன்.

“பிள்ளையின்ரை தலை என்ன மணக்குது? ஒருக்கால் சொல்லும்.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, குனிந்து, ஆறுதலாக மணந்து பார்த்தாள்.

“தேங்காயெண்ணெய். கொஞ்சம் கொழுக்கட்டை மா. வேர்வை,” என்றாள். பிறகு என் தோளிலும் மூக்கை வைத்தாள். “உங்கடை சட்டையும் இப்ப அந்த மணந்தான்.”